நிலமும் ஆவணமும்

நுழையும்முன்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப்பெரிய செலவு பெரும்பாலும் ஒரு மனையோ வீடோ வாங்குவதாகவே அமைகிறது. இருபது ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிவிடுகிறது. அதற்கு ஈடாகக் கிடைப்பது சில தாள்கள். அத்தாள்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று சான்றுகள்

பெரியபுராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் நுழைந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். அதற்கு ஓலை உண்டு என்றும் கூறுகிறார். சினமுற்ற நம்பியாரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிக்கப்பட்டது படி ஓலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். அவையத்தார் மூல ஓலையை வாங்கி, அதிலுள்ள எழுத்தை மணமகனின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பளிக்கின்றனர். ஒரு வழக்கை மெய்ப்பிக்க ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றுள் ஒன்று வேண்டும் என்பதும் அந்த அவையில் பேசப்படுகிறது.

அவ்வழக்கு நிலத்தைப் பற்றியதன்று. ஆயினும் இன்றைய உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு நில வழக்கு நடக்கும்போது கேட்கப்படுவனவும் இவையே. நிலம் நெடுங்காலமாக யாருடைய ஆட்சியில் உள்ளது? யாரிடம் என்ன ஆவணம் உள்ளது? அண்டை நிலத்தார் என்ன கூறுகின்றனர்? படி இருக்கட்டும், மூலம் எங்கே என்னும் கேள்வியும் மாறாமல் தொடர்கிறது.

உரிமை என்பது என்ன?

பழைய கிரையப் பத்திரம் ஒன்றைப் படிக்க முயல்பவர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார். கிரையம் என்றால் விலைக்கு விற்றல். பாத்தியதை என்றால் உரிமை. சுவாதீனம் என்றால் கைவசம். ‘ஷை’ என்றால் மேற்படி. இந்நடை எளிமையாக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் ஆவணத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டுக் கையெழுத்திடும் நிலை நல்லதன்று. ஆனாலும் அந்நடையில் சட்டப் பொருள் செறிந்து கிடக்கிறது. நிலத்தைத் ‘தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு’ உரியதாக வாங்குபவர் ஆண்டு அனுபவிக்கலாம் என்பது அப்பத்திரங்களில் வழக்கமாக வரும் தொடர். பிறருக்குக் கொடையாக அளிக்கலாம், விரும்பியவாறு பயன்படுத்தலாம், விற்கலாம் என்பது அதன் பொருள். உடைமை என்பது ஒற்றை உரிமையன்று, பல உரிமைகளின் தொகுப்பு என்று சட்டநூல்கள் விரித்துரைப்பதை இத்தொடர் சில சொற்களில் அடக்கிவிடுகிறது.

தொகுப்பு என்பதால் அதைப் பிரிக்கவும் முடியும். ஒரு வயலை எண்ணிப் பார்க்கலாம். உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். குத்தகைதாரர் உழுது பயிரிடுகிறார். உரிமையாளர் பெற்ற கடனுக்காக வயல் ஒரு வங்கியில் அடமானமாக உள்ளது. பின்புறத்து வயல்காரர் இதன் வரப்போரமாக வண்டி ஓட்டிச்செல்லும் வழியுரிமை பெற்றிருக்கிறார். ஒரே மண்ணில் நால்வருக்கு நான்கு வகை உரிமைகள். இந்நிலையில் உரிமையாளர் வயலை விற்கலாம், சட்டம் தடுப்பதில்லை. ஆனால் வாங்குபவர் மற்ற மூவரின் உரிமைகளையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும்.

விற்பனை எப்போது நிறைவுறுகிறது?

அசையாச் சொத்துகளின் கைமாற்றத்தை நெறிப்படுத்துவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியாகத்தான் விற்க முடியும் என்று அச்சட்டத்தின் 54ஆம் பிரிவு கூறுகிறது. நூறு ரூபாய்க்கு நிலம் கிடைத்த காலத்தில் வகுக்கப்பட்ட எல்லை அது. இன்று அதன் நடைமுறைப் பொருள், எந்த நில விற்பனையும் பதிவின்றிச் செல்லாது என்பதே.

முன்பணம் கொடுத்து எழுதிக்கொள்ளும் கிரைய ஒப்பந்தம் விற்பனையன்று. பின்னர் விற்பதாக அளிக்கும் உறுதிமொழி அது. தன்னளவில் நிலத்தின்மீது எவ்வுரிமையையும் அது உண்டாக்குவதில்லை என்று அதே பிரிவு தெளிவுபடுத்துகிறது. பொது அதிகார ஆவணமும் அவ்வாறே. தமக்காக ஒரு செயலைச் செய்ய இன்னொருவரை அமர்த்துவதுதான் அதிகாரம் வழங்குதல். அமர்த்தப்பட்டவர் அதனாலேயே உரிமையாளராகிவிடுவதில்லை. முத்திரைத்தாள் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக அதிகார ஆவணத்தையும் உயிலையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதையே விற்பனையாகக் கருதும் பழக்கம் வடமாநில நகரங்களில் பரவியிருந்தது. அத்தகைய ஏற்பாடுகளால் உரிமை மாறுவதில்லை என்று 2011ஆம் ஆண்டு சூரஜ் லேம்ப் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தம்மிடம் உள்ளதையே தர முடியும்

நிலச் சட்டத்தின் அடிப்படை விதி மிக எளியது. ஒருவர் தமக்கு இல்லாத உரிமையைப் பிறருக்கு மாற்றித் தர முடியாது. எனவே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, விற்பவருக்கு இவ்வுரிமை எப்படி வந்தது என்பதே. அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது, அதற்கு முந்தியவருக்கு எப்படி வந்தது என்று கேள்வி பின்னோக்கிச் செல்லும். ஒவ்வொரு படிக்கும் உரிய ஆவணத்தை மூல ஆவணம் அல்லது தாய்ப் பத்திரம் என்பர். இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதற்குப் பின்வரும் பத்திரங்கள் எத்தனை முறை பதிவாகியிருந்தாலும் பயனில்லை.

கண்ணி எங்கே அறுகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காணலாம். நெசவுத் தொழிலாளர் ஒருவர் 2018இல் மூன்று சென்ட் மனை வாங்குகிறார். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. எனவே மனையின் பரப்பு ஏறத்தாழ 1,307 சதுர அடி. விற்பவர் தம் பெயரிலுள்ள பட்டாவைக் காட்டுகிறார். முந்தைய பதின்மூன்று ஆண்டுகளுக்கு எடுத்த வில்லங்கச் சான்றில் எந்தப் பதிவும் இல்லை. கிரையம் முறைப்படி பதிவாகிறது. வாங்கியவர் கடன்பட்டு ஒரு வீட்டையும் கட்டத் தொடங்குகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வருகிறது. விற்றவரின் தங்கை பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். அம்மனையை விற்றவரின் தந்தை 1988இல் தம் சொந்த வருவாயில் வாங்கியிருந்தார். 2003இல் உயில் எழுதாமலே இறந்தார். மனைவி, மகன், மகள் என மூவர் அவருக்கு வாரிசுகள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. மகள் திருமணமாகி வேறு ஊரில் வாழ்ந்தார். மகன் பட்டாவைத் தம் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டு முழு மனையையும் விற்றுவிட்டார். அவருக்கு உரியது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நெசவுத் தொழிலாளருக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பங்கு மட்டுமே. மூன்று சென்ட்டுக்குப் பணம் கொடுத்தவருக்குச் சட்டம் ஒரு சென்ட்டைத்தான் தருகிறது. மீதிப் பணத்தைக் கேட்டு விற்றவர்மீது வழக்குத் தொடுக்கலாம். ஆனால் தீர்ப்பு வரும் நாளில் அவரிடம் பணம் இருக்க வேண்டும்.

இங்கு எந்த ஆவணமும் பொய்யானதன்று என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பட்டா அலுவலகம் வழங்கியதே. வில்லங்கச் சான்றும் உண்மையே. தந்தையின் மறைவு ஒரு பத்திரமாகப் பதிவாவதில்லை. வாரிசுரிமை என்பது இறப்போடு தானாகவே பிறப்பது. ஆகவே சான்றில் அது இடம்பெற வழியே இல்லை. 1988ஆம் ஆண்டின் தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் தந்தையின் பெயர் தெரிந்திருக்கும். அவருடைய இறப்புச் சான்றையும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றையும் கேட்டிருந்தால் மூவர் பெயரும் தெரிந்திருக்கும். தாயும் மகளும் கிரையத்தில் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கலாம். அல்லது தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்கலாம்.

நகை போட்டுத் திருமணம் செய்துகொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்னும் எண்ணம் இன்றும் ஊர்களில் நிலவுகிறது. சட்டம் அதை ஏற்பதில்லை. தந்தை சொந்தமாக ஈட்டி, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்கு 1956 முதலே சமபங்கு உண்டு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. எனினும் அதற்கு முன் திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டின் நடுவணரசுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்னும் தேவையில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இசுலாமியர்களுக்கு அவர்தம் சமயச் சட்டமும் பங்குகளை வேறு முறையில் வகுக்கின்றன. எச்சட்டமாயினும், வாரிசுகள் யார் யார் என்று அறியாமல் மூலத்தை அறிந்ததாகக் கூற முடியாது.

பட்டா

பட்டா இருந்தால் நிலம் தமக்குரியது என்று பலர் கருதுகின்றனர். பட்டா என்பது வருவாய்த்துறையின் ஆவணம். ஒரு புல எண்ணுக்கு உரிய நிலவரியை யாரிடம் பெறுவது என்பதற்காகத் தோன்றிய பதிவு அது. வருவாய்த்துறைப் பதிவேடுகள் தாமாக உரிமையைத் தருவதில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. உரிமை பத்திரத்தால் வரலாம், வாரிசு வழியாக வரலாம், அரசின் ஒப்படைப்பால் வரலாம். பட்டா அதைப் பின்தொடர்வது.

அதனால் பட்டா பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. நிலத்தின் புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே உதவுகிறது. புல வரைபடத்தைக் கொண்டு அளந்தால், பத்திரத்தில் எழுதிய மூன்று சென்ட் தரையில் இரண்டே முக்காலாக இருப்பதும் வெளிப்படலாம். கிராமத்தின் அ-பதிவேடு, நிலம் தனியாருக்குரியதா, ஏரி, ஓடை, பாதை போன்ற புறம்போக்கா என்று காட்டும். நீர்நிலைப் புறம்போக்கைத் தனியார் ஒருவர் விற்றால் அந்தக் கிரையத்தால் வாங்குபவருக்கு எவ்வுரிமையும் வாராது.

வில்லங்கம்

அன்றாடப் பேச்சில் வில்லங்கம் என்றால் வம்பு, சிக்கல். நிலச் சட்டத்தில் அது, ஒருவருடைய நிலத்தின்மீது பிறருக்குள்ள உரிமை அல்லது பொறுப்பைக் குறிக்கும். அதில் முதன்மையானது அடமானம். கடனுக்கு ஈடாக நிலத்தின்மீது ஓர் உரிமையைக் கடன் கொடுத்தவருக்கு அளிப்பதே அடமானம். நிலத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, வட்டிக்கு ஈடாக விளைச்சலை அவர் எடுத்துக்கொள்ளும் முறையைப் பழந்தமிழில் ஒற்றி என்பர். எவ்வகை அடமானமாயினும் கடனைச் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. அவ்வுரிமையைப் பறிக்கும் நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதினாலும் அது செல்லாது.

இன்று வீட்டுக்கடன்களில் பெரிதும் வழங்குவது, மூல ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெறும் முறை. விற்பவர் நகல்களை மட்டும் காட்டி, மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று கூறினால் ஐயம் எழுவது இயல்பே. மூலம் உண்மையாகவே தொலைந்தும் இருக்கலாம். ஒரு வங்கியின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கவும் கூடும். கடனை அடைத்தவரும் ஒன்றைச் செய்ய வேண்டும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்தால்தான், வில்லங்கச் சான்றில் முன்பு ஏறிய கடனுக்குக் கீழே அது தீர்ந்த செய்தியும் ஏறும்.

வில்லங்கச் சான்று என்பது, குறிப்பிட்ட ஒரு சொத்தைப் பற்றிக் குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். விற்பனை, கொடை, பாகப்பிரிவினை, அடமானம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை முதலியன அதில் இடம்பெறும். வாரிசுரிமை அதில் இடம்பெறாததை மேலே கண்டோம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. பதிவு செய்தாலும் அது தனிப் புத்தகத்தில் ஏறுவதால் இச்சான்றில் வாராது. ஓராண்டுக்கு உட்பட்ட வாடகையும் குத்தகையும் வாரா.

நிலுவையிலுள்ள வழக்கும் இவ்வாறு கண்ணுக்குத் தப்பக்கூடும். ஒரு நிலத்தின் உரிமை குறித்து வழக்கு நடக்கும்போது அந்நிலத்தை வாங்குபவர், அவ்வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் ஆவார். வழக்கு இருப்பது தமக்குத் தெரியாது என்பது காப்பாகாது. வழியுரிமையும் அத்தகையதே. அமைதியாகவும் வெளிப்படையாகவும் தம் உரிமை என்னும் நிலையிலும் இருபது ஆண்டுகள் இடையறாது ஒரு வழியைப் பயன்படுத்தியவருக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அவ்வழியை உரிமையாக்குகிறது. இதற்குப் பத்திரம் எதுவும் தேவையில்லை. எந்தச் சான்றிலும் காணப்படாத இவ்வுரிமையை, நிலத்தில் இறங்கி நடந்து பார்ப்பவர் ஓர் ஒற்றையடித் தடமாகக் கண்டுகொள்வார்.

ஆட்சி

அயலார் கைவசத்தில் நிலத்தை நெடுங்காலம் விட்டுவைப்பதும் உரிமையை இழக்கச் செய்யும். உரிமையாளருக்கு எதிராகவும் வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் நிலத்தை வைத்திருந்தால், அதை மீட்க உரிமையாளர் தொடுக்கும் வழக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி காலங்கடந்ததாகிவிடும். அரசு நிலமாயின் அக்காலம் முப்பது ஆண்டுகள். குடியிருக்கும் வாடகைதாரரும் தோட்டக் காவலரும் இவ்விதியைத் துணைக்கு அழைக்க முடியாது. அவர்கள் உரிமையாளரின் இசைவோடு இருப்பவர்கள். உடன்பங்காளியின் ஆட்சியும் பொதுவாக எல்லாப் பங்காளிகளுக்காகவும் நடப்பதாகவே கொள்ளப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், 2003 முதல் மனை அண்ணனின் கைவசமே இருந்தது என்பதால் மட்டும் தங்கையின் பங்கு அழிந்துவிடாது.

மூலத்தை முப்பது ஆண்டுகளுக்காவது பின்னோக்கிப் பார்க்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் அறிவுறுத்துவதற்கும் காலக்கணக்கே அடிப்படை. அடமானத்தை மீட்க முப்பது ஆண்டுகள் வரை வழக்குத் தொடுக்கலாம். முப்பது ஆண்டுகளைக் கடந்த ஆவணம் உரியவர் காவலிலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து மெய்யானதென நீதிமன்றம் கருதிக்கொள்ளவும் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் சான்று எடுப்பது போதாது என்பது இதனால் விளங்கும்.

பதிவும் உரிமையும்

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858ஆம் ஆண்டு ராபர்ட் டாரன்ஸ் என்பவரின் முயற்சியால் ஒரு புதிய முறை சட்டமாயிற்று. அரசு ஒரு பதிவேட்டைப் பேணும். அதில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று அரசே உறுதியளிக்கும். வாங்குபவர் தாய்ப் பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தியாவில் உள்ளது வேறு முறை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி இங்கே பதிவாவது ஆவணம், உரிமை அன்று. இன்னார் இன்னாருக்கு இந்நாளில் இதை எழுதிக்கொடுத்தார் என்பதற்குப் பதிவு சான்று. எழுதிக்கொடுத்தவருக்கு அதற்கு உரிமை இருந்ததா என்பதற்கு அது சான்றன்று. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் பணியன்று என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியது. ஆராயும் பொறுப்பு வாங்குபவரையே சார்கிறது.

அப்பொறுப்பை நிறைவேற்றச் சட்டம் ஒரு வழியையும் திறந்து வைத்துள்ளது. ஒரு நிலத்தைப் பற்றிப் பதிவான ஆவணத்தை, அதனை வாங்குபவர் அறிந்திருந்ததாகவே சட்டம் கொள்ளும். அறியேன் என்று பின்னர் வாதிட இடமில்லை. அவ்வாறு கொள்ளும் சட்டம், அறிவதற்குரிய கதவை மூடி வைக்க முடியாதல்லவா? ஆகவே அசையாச் சொத்துகளைப் பற்றிய முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும், உரிய கட்டணம் செலுத்தி எவர் வேண்டுமானாலும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். கேட்பவர் அந்நிலத்தின் உரிமையாளராகவோ உறவினராகவோ இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றியே பார்க்க முடிகிறது. அதற்கு வேண்டியவை பதிவு அலுவலகத்தின் பெயர், கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண், தேடும் காலம் ஆகியவை. புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வீட்டிலுள்ள பட்டாவிலேயே காணலாம்.